கடலில்லாத ஊர்க்காரர்கள் கடலோரத்தில்

வெள்ளி: சேலம் – பரங்கிப்பேட்டை – சிதம்பரம்

பரங்கிப்பேட்டையில் தொடங்கி, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு கோடியக்கரை வரைக்கும் இறங்கிப் போவது. திரும்பும்போது தஞ்சாவூர், திருச்சி வழியாக வீடு வந்து சேர்வது. திட்டம் இவ்வளவுதான். சேலத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் பாண்டிச்சேரி, இல்லையென்றால் வேளாங்கண்ணி நேர்த்திக்கடன். நடுவில் இருக்கிற ஊர்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்தத் தடவை அந்த நடு ஊர்களுக்காகவே கிளம்பினோம். தை மாதக் கடைசி, வெயில் இன்னும் ஏறவில்லை. செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடையைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறேன் என்றதால்தான் வீட்டுக்காரர் கிளம்ப ஒப்புக்கொண்டார்.

இருட்டோடு புறப்பட்டு அயோத்தியாப்பட்டணம் தாண்டினோம். இடப்பக்கம் சேர்வராயன் மலை கன்னங்கரேலென்று நின்றது, மேலே ஏற்காட்டுப் பக்கம் நாலைந்து விளக்குகள். வாழப்பாடிக்கு அப்புறம் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை ஆரம்பித்துவிடும். வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் கார் கண்ணாடியை ஏற்றுவார்கள். நாங்கள் இறக்கினோம். குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆத்தூர் வந்ததும் அவர் ஆற்றுக் கதையை எடுத்தார்.

“இங்க இருக்கிற வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. நம்ம ஆத்தூர்த் தண்ணி பரங்கிப்பேட்டையிலதான் கடல்ல விழுது, தெரியுமா?”

“தண்ணி இருந்தா விழும்ங்க.”

அதற்கப்புறம் உளுந்தூர்பேட்டை வரை பேச்சில்லை. தலைவாசலில் டீ, காய்கறிச் சந்தையில் லாரிகள் வழிவிடுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பு, விருத்தாசலத்தில் காலைச் சாப்பாடு. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பு.முட்லூர் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குள் நுழைந்தபோது பள்ளிவாசலில் லுகர் பாங்கு, அதாவது நண்பகல் தொழுகைக்கான அழைப்பு, சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் எல்லோருக்கும் வேண்டியிருந்த ஊர் இது. போர்த்துகீசியர்கள் ‘போர்ட்டோ நோவோ’ என்றார்கள், நம் முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரர்களும் டேனிஷ்காரர்களும் கிடங்கு வைத்திருந்தார்கள். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் ஐர் கூட் என்ற தளபதியின் ஆங்கிலேயப் படையும் மோதியது இந்த ஊர்ப் பக்கம்தான். ஹைதர் தோற்றார். இன்றைக்கு நாங்கள் பார்த்த ஊர் அமைதியானது: அகலமான திண்ணை வைத்த வீடுகள், தர்காக்கள், சைக்கிளில் மீன் கூடை. ஆற்றோரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்.

ஆனால் வீட்டுக்காரர் இங்கே வந்தது போருக்காகவும் இல்லை, மீனுக்காகவும் இல்லை. இரும்புக்காக.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாதுவுக்கு அவர் நம்பியது சேலத்து மலைகளை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் பக்கத்துக் கிராமங்களில் துருத்தி ஊதி, மண் உலையில் இரும்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹீத் அதையே பெரிய உலையில், சீமைக்கு ஏற்றுமதி செய்கிற அளவில் செய்ய நினைத்தார். உலை மரக்கரியில் எரிந்தது. கரிக்குக் காடு வேண்டும். காடு உலையை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகப் போக, செலவு ஏறிக்கொண்டே போனது. இரும்பாலைக் கம்பெனி எத்தனையோ கைமாறியும் தேறவில்லை. ஹீத்தின் கதை இன்னும் பரிதாபம். உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டுபிடித்து 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அந்த முறையைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டு, அவருக்குப் பணம் தரவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது. வழக்கு முடிவதற்குள் 1851-இல் அவர் இறந்துபோனார்.

அந்த ஆலையின் மிச்சம் ஏதாவது கண்ணில் படுமா என்று தேடினோம். எங்களுக்குக் கிடைத்தது சீமைக்கருவேலம்தான். விசாரித்த இடத்தில் டீ கிடைத்தது.

சாயங்காலம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணலில் உட்கார்ந்தோம். அவர் காரிலிருந்து காந்தத்தை எடுத்து வந்தார். அது எப்போதும் டேஷ்போர்டில் கிடக்கும். எவர்சில்வர் என்று யாராவது ஏதாவது கொடுத்தால் ஒட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம், கல்யாண வீடு என்றும் பார்க்கமாட்டார். காந்தத்தை மணலில் மெதுவாக இழுத்துத் தூக்கினார். அடியில் கறுகறுவென்று தாடி முளைத்திருந்தது. வெள்ளை மணலுக்கு நடுவே தனித்தனியாகத் தெரியாத கறுப்புத் துகள்கள், காந்தத்தில் ஒட்டியதும் முள் முள்ளாக நிமிர்ந்து நின்றன. கையால் வழித்துவிட்டால் விரலில் மினுமினுப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. சின்ன வயதில் அமாவாசைக்குச் சித்தர்கோவில் போகும்போதெல்லாம் கஞ்சமலைக் கற்களில் காந்தம் ஒட்டுவதைப் பார்த்தவர் அவர்.

“நம்ம கஞ்சமலையிலிருந்து வந்ததா இருக்கும்,” என்றார்.

கஞ்சமலைத் தண்ணீர் காவிரிக்குப் போவது, வெள்ளாற்றுக்கு வராது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல மனசு வரவில்லை. இத்தனைக்கும் கஞ்சமலை அடிவாரத்திலேயே 1980-களிலிருந்து ஓடுகிற நம் இரும்பாலை அந்த மலைத் தாதுவைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து வருவதைத் தகடாக உருட்டுகிறது. மலை அப்படியே இருக்கிறது. அது நல்லதுதான் என்பது என் கட்சி. கடைக்காரர் கட்சி வேறு.

ராத்திரி சிதம்பரத்தில் தங்கல். இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு. சேலத்தில் இதை எத்தனை பேர் செய்தாலும் அந்தச் சுட்ட வாசம் வருவதில்லை.

சனி: பூம்புகார், தரங்கம்பாடி

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் டெல்டா. சம்பா அறுவடை மும்முரம். ரோட்டில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. நெல்லுக்கு எல்லை கட்ட ஓரமாகக் கல் வைத்திருக்கிறார்கள், நடுவில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி. கார் வைத்திருப்பவர்கள்தான் ஒதுங்கிப் போகவேண்டும், அதுதான் நியாயமும்.

பூம்புகாரில் கலைக்கூடத்துக்குக் கூட்டம் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக. ஏழு நிலை மாடம், கண்ணகி கதை முழுக்கச் சுவர்ச் சிற்பங்களாக. 1970-களில் கட்டியது. எனக்கு அதைவிடப் பிடித்தது பல்லவனீச்சரத்தில் வேலிக்குள் கிடக்கிற புத்த விகாரையின் செங்கல் அடித்தளம். பக்கத்திலேயே கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல் கட்டிய படகுத்துறையும் கிடைத்தது, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று கணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு செங்கலும் நம் இப்போதைய செங்கல்லைவிட இரண்டு பங்கு பெரிது. பார்க்க ஆளே இல்லை. நாங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஒரு ஆடும்தான்.

அப்புறம் காவிரி கடலில் சேரும் இடத்துக்கு நடந்தோம். இதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் சேலத்துக்காரர்கள் காவிரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டம். எங்கள் வீட்டில் ஒரு சென்ட் வயல் கிடையாது, இருந்தாலும் பார்ப்போம். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் மேட்டூரில் இருக்கும், பதினாறு கண் மதகைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு வரும். அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. என்ற எண் எங்கள் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும்.

அந்தக் காவிரி இங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில் இருந்தது. வெள்ளம் வந்தால் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். பாசனத் தண்ணீர் வழியிலேயே வயல் வயலாகப் பிரிந்துவிடும். மிஞ்சுவதுதான் இங்கே வரும். போதாததற்கு ஜூன் 12-இல் திறக்கிற அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அந்தக் கணக்கில் இது வற்றுகிற காலம். முகத்துவாரத்தில் மணல் மேடு. சிறுவர்கள் முழங்கால் நனையாமல் ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போனார்கள்.

என் அம்மாவின் பாட்டி பிறந்த வீடு மேட்டூர் அணைக்குள் இருக்கிறது, பண்ணவாடிப் பக்கம். 1925-இல் வேலை ஆரம்பித்து 1934-இல் அணை திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஊர் ஊராக மேடேறிப் போனார்கள். தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டால் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் நாயம்பாடி சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். டவுனிலிருந்து ஆட்கள் போட்டோ எடுக்கப் போவார்கள். என் அம்மா மட்டும் போகமாட்டார். “அது தெரிஞ்சா தஞ்சாவூர்க்காரன் பட்டினின்னு அர்த்தம்,” என்பார். பூம்புகார் மணலில் நின்றுகொண்டு, காவிரி வாய்க்கால் மாதிரி இருப்பதைப் போனில் அம்மாவிடம் சொன்னேன். “தண்ணி உப்பா இருக்கா, நல்ல தண்ணியா?” என்று கேட்டார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு.

மத்தியானம் தரங்கம்பாடி. ஊருக்குள் நுழைவதே ஒரு வெள்ளை வாசலுக்குள் புகுந்துதான், 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. உள்ளே ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. இந்தக் கரையில் நான் பார்த்த ஊர்களிலேயே நடப்பதற்கு இதுதான் சுகமான ஊர். 1620-இல் ஓவ ஜெத்தே என்ற டேனிஷ் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக் குத்தகைக்கு இந்த இடத்தை வாங்கிக் கோட்டை கட்டினார். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதாம். 1845-இல், வியாபாரம் ஓய்ந்த பிறகு, வங்காளத்து செராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம் இருக்கிறது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது இங்கேதான். 1706-இல் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் வந்து இறங்கி, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றதாகச் சொல்லுவார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கையில் எடுத்துவிட்டார். 1719-இல் இறந்தபோது முப்பத்தாறு வயது.

கோட்டையின் நிலவறைகளும் காட்சிக்கூடமும் சுமார்தான். எனக்கு நின்று பார்க்கத் தோன்றியது பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலை. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. பாறாங்கற்களை அடுக்கி மீதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அலைக்கும் கல் இடுக்கில் ‘கபக்’ என்று ஒரு சத்தம். அவர் அந்தச் சத்தத்திலேயே திண்ணையில் தூங்கிப்போனார்.

தங்குவதற்கு ஆப்பில் பணம் கட்டியிருந்தோம். போனால் “எங்களுக்கு அப்படி ஒண்ணும் வரலையே மேடம்” என்றார்கள். அரை மணி நேரம் போனை மாற்றி மாற்றிப் பிடித்துப் பேசியும் பணம் திரும்பி வரவில்லை. பொறையாரில் வேறு லாட்ஜ் பார்த்தோம். சுத்தமாக இருந்தது, வெந்நீரும் வந்தது.

ஞாயிறு: காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி

இன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன்: பொழுது சாயும் வரை ‘சேலம்’ என்ற வார்த்தையை யாரும் எடுக்கக்கூடாது. ஆத்தூரிலிருந்து கேட்டுக்கேட்டுக் காது புளித்துவிட்டது.

காரைக்காலில் பெட்ரோல் போட்டோம். 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர், இன்றைக்கும் புதுச்சேரியோடு சேர்த்தி என்பதால் விலை கொஞ்சம் குறைவு. அம்மையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு நாகூர். தர்காவின் பெரிய மினாராவை, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தார். உள்ளே மொட்டை போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடு இருந்தார்கள். வெளியே வாடா சாப்பிட்டோம், மேலே முழு இறால் பதித்துப் பொரித்தது. அவர் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டோடு ஒப்பிட வாய் வந்து, சட்டம் ஞாபகம் வந்து, மென்று விழுங்கினார். தம்ரூட் என்கிற ரவை இனிப்பு அரை கிலோ கட்டச் சொன்னோம்.

நாகப்பட்டினத்தில் கடற்கரையில் கொஞ்ச நேரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் போனது இந்த மாவட்டத்தில். வேளாங்கண்ணியில் ஞாயிறு கூட்டம், கார் நிறுத்த இடமில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உடனே கிளம்பினோம்.

திங்கள்: வேதாரண்யம், கோடியக்கரை

நேற்றுப் போட்ட சட்டத்தை இன்றைக்கும் நீட்டினேன். மீறியது நானேதான், அதுவும் காலையிலேயே.

வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்து, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளிக் கைதானவர் ராஜாஜி. சேலத்து வக்கீல். 1917-இல் எங்கள் முனிசிபாலிட்டி சேர்மன். தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர். நாமக்கல் அப்போது சேலம் ஜில்லா, 1997-இல்தான் பிரிந்தது. இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நடையில் எனக்குப் பெரிதாகப் படுவது நடந்தவர்களைவிட வழியில் இருந்தவர்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் தண்டோரா போட்டிருந்தார். அப்படியும் மரக்கிளையில் சோற்று மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்களாம், யார் வைத்தது என்று தெரியாமல். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, பாதி முகம் மழித்த பிறகு எதிரே இருப்பது போலீஸ்காரர் என்று தெரிந்ததும் மீதியை மழிக்க மறுத்துவிட்டார். கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மிரட்டியும் மசியவில்லை. அவருக்கு இந்த ஊரில் நினைவிடம் இருக்கிறது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தலைவர்கள் பெயர் இருக்கிறது, ஒரு வைரப்பன் பெயர் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

உப்பளத்தில் இப்போதுதான் வேலை தொடங்குகிற பருவம். மழைக்காலத்தில் கரைந்துபோன பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். முட்டளவு சேற்றில் நின்று வரப்பு போடுவதும், தரையை மிதித்து இறுக்குவதும் எல்லாம் ஆள் வேலை. போன வருஷத்து உப்பு மேடுமேடாகக் கீற்று மூடிக் கிடந்தது. ஒரு அம்மா கீற்றைத் தூக்கி ஒரு கை அள்ளிக் கொடுத்தார். நாம் கடையில் வாங்குகிற தூள் மாதிரி இல்லை, பட்டாணி அளவுப் பரல்கள், ஓரம் ஓரமாகப் படி வெட்டியது போல், நடுவில் கொஞ்சம் பழுப்பு. “புதுசு வெள்ளையா வரும், மாசி போகட்டும். எந்த ஊரு நீங்க?” என்றார். சொன்னோம். “சேலமா, மாம்பழம் கொண்டாரலையா?” மாம்பழத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, மரத்தில் இப்போது பூதான் என்றோம். வெறுங்கையோடு வந்ததில் அவருக்கு ஏமாற்றம்தான். காரில் பிரிக்காமல் இருந்த தட்டுவடைப் பாக்கெட்டைக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

கோடியக்கரைக் காட்டுக்குள் சாயங்காலம் போனோம். 1967-இல் சரணாலயமானது. வெளிமான்கள் ஐம்பதடி தூரத்தில் நின்றன. ஆண் மான் திருகிய கொம்போடு கறுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. பெட்டைகள் மண் நிறம். கார் சத்தத்துக்கு ஓடவில்லை. என் வளையல் சத்தத்துக்கு ஓடின. சதுப்பு நிலத்தில் பூநாரைகள் தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தன. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். ராமர் பாதம் என்கிற மேடுதான் இங்கே உயரமான இடம். ஏற்காட்டு வளைவுகளில் ஏறிப் பழகிய எங்களுக்கு அது மேடு என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. கரையில் இருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. அடியில் கிடக்கும் கற்குவியலைப் பார்க்கலாம்.

செவ்வாய்: திரும்பும் வழி

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சி. ராஜாஜி நடந்த வழியைப் பெரும்பாலும் தலைகீழாகக் காரில் வந்தோம். பெரிய கோயிலில் நிறுத்தவில்லை, அதற்குத் தனியாக வரவேண்டும். திருச்சிக்கு அப்புறம் கரூர் வழியாகச் சுற்றாமல் முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியைப் பிடியுங்கள். காவிரி கூடவே வரும், இரண்டு பக்கமும் வாழையும் வெற்றிலையும்.

போகிறவர்களுக்கு: தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வேளாங்கண்ணியை வார நாளில் வையுங்கள், உப்பளத்தில் காலை எட்டு மணிக்கு மேல் நிற்க முடியாது. முக்கியமாக, ஊர் வந்ததும் காரைத் தண்ணீர் ஊற்றி அடிப்பாகம் வரை கழுவுங்கள், உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும். வீட்டுக்காரர் வீட்டுக்குக்கூட வரவில்லை. சீலநாயக்கன்பட்டியிலேயே என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போய்விட்டார்.